இரு காந்தங்களுக்கு இடையேயான ஈர்ப்பைக் குறைக்கும் முறைகள்

இரண்டு காந்தங்களின் எதிரெதிர்த் துருவங்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசை காந்த ஈர்ப்பு எனப்படுகிறது. இந்த ஈர்ப்பைத் தேவைக்கேற்பக் குறைக்க வேண்டிய நிலை பல இடங்களில் ஏற்படுகிறது. ஆய்வகத்தில் காந்தங்களைச் சேமிக்கும்போதும், தொழிற்சாலையில் வலுவான காந்தங்களைப் பிரிக்கும்போதும், விமானத்தில் காந்தங்களை ஏற்றி அனுப்பும்போதும், குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களை வடிவமைக்கும்போதும் இது தேவைப்படுகிறது.

மின்விளக்கை அணைப்பது போல ஒரு நிலைக்காந்தத்தை அணைத்துவிட முடியாது. காந்தப்புலத்தை உறிஞ்சி இல்லாமல் செய்துவிடும் பொருளும் இல்லை. ஆகவே ஈர்ப்பைக் குறைக்கும் முறைகள் அனைத்தும் பின்வரும் ஐந்து வழிகளுள் அடங்கும்.

1. காந்தங்களுக்கு இடையேயுள்ள தொலைவைக் கூட்டுதல்
2. காந்தங்கள் ஒன்றையொன்று நோக்கும் திசையை மாற்றுதல்
3. இரும்பைக் கொண்டு காந்தப்புலத்தை வேறு வழியில் திருப்புதல்
4. எதிர்த்திசையில் மற்றொரு காந்தப்புலத்தை உருவாக்குதல்
5. காந்தத்தின் காந்தத்தன்மையையே குறைத்தல்

முதல் மூன்று வழிகளில் காந்தம் கெடுவதில்லை. பழைய நிலைக்குத் திரும்பினால் ஈர்ப்பும் திரும்பிவிடும். நான்காவது வழியில் எதிர்ப்புலம் அளவு மீறினால் காந்தம் பாதிக்கப்படலாம். ஐந்தாவது வழி பெரும்பாலும் மீள முடியாதது. எனவே முறையைத் தேர்வு செய்யும் முன், அந்தக் காந்தம் பிறகும் தேவைப்படுமா என்பதை முடிவு செய்வது அவசியம்.

ஈர்ப்பு விசை எதைச் சார்ந்தது?

காந்தத் துருவங்களுக்கு இடையேயான விசை, துருவங்களின் வலிமைகளின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் கூலும் 1785 ஆம் ஆண்டில் முறுக்குத் தராசு கொண்டு அளந்து காட்டினார்.

ஆனால் தனித்த ஒரு துருவம் இயற்கையில் கிடைப்பதில்லை. ஒவ்வொரு காந்தத்திலும் வட துருவமும் தென் துருவமும் சேர்ந்தே உள்ளன. அருகிலுள்ள துருவம் இழுக்கும்போது, பின்னால் உள்ள துருவம் தள்ளுகிறது. தொலைவு கூடக் கூட இவ்விரண்டு விளைவுகளும் ஒன்றையொன்று பெரிதும் நீக்கிவிடுகின்றன. இதனால், காந்தங்களின் அளவை விடத் தொலைவு பல மடங்கு பெரிதாக இருக்கும்போது, இரு காந்தங்களுக்கு இடையேயான விசை தொலைவின் நான்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது.

காந்தங்கள் ஏறத்தாழ ஒட்டிய நிலையில் கணக்கு வேறு. அப்போது விசையானது, இடைவெளியில் உள்ள காந்தப்புலத்தின் இருமடியையும் தொடும் பரப்பையும் சார்ந்தது. இடைவெளியில் 1 டெஸ்லா புலம் இருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 40 நியூட்டன் விசை உண்டாகும். இது ஏறத்தாழ 4 கிலோகிராம் எடையைத் தூக்கப் போதுமானது. புலம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும்.

1. தொலைவைக் கூட்டுதல்

எளிமையானதும் மிகுந்த பயன் தருவதும் இம்முறையே. நான்மடி விதி பொருந்தும் தொலைவுகளில், இடைவெளியை இரு மடங்காக்கினால் விசை பதினாறில் ஒரு பங்காகும்; மும்மடங்காக்கினால் எண்பத்தொன்றில் ஒரு பங்காகும்.

காந்தங்களுக்கு நடுவே வைக்கப்படும் அட்டை, மரம், பிளாஸ்டிக், ரப்பர் ஆகியவை ஈர்ப்பைக் குறைப்பதுபோல் தோன்றும். உண்மையில் அவை காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. தம் தடிமன் அளவுக்குக் காந்தங்களை விலக்கி வைக்கின்றன, அவ்வளவே. அதே இடைவெளியைக் காற்றால் நிரப்பினாலும் ஈர்ப்பு அதே அளவுதான் இருக்கும். அலுமினியத் தகடு, செம்புத் தகடு, காந்தம் ஒட்டாத வகை எவர்சில்வர் ஆகியவையும் அசையாத காந்தங்களுக்கு இடையே எந்தத் தடையும் செய்வதில்லை. காந்தம் எப்பொருளில் ஒட்டுவதில்லையோ, அப்பொருளால் காந்தத்தை மறைக்க முடியாது என்பதை எளிய விதியாக நினைவில் கொள்ளலாம். மீக்கடத்திகள் மட்டும் இதற்கு விலக்கு. அவை பின்னர் விளக்கப்படுகின்றன.

2. திசையை மாற்றுதல்

இரு சிறிய காந்தங்கள் ஒரே அச்சில், எதிரெதிர்த் துருவங்கள் நோக்கும்படி இருக்கும்போது ஈர்ப்பு மிகுதியாக இருக்கும். அதே தொலைவில் அவற்றைப் பக்கவாட்டில், தலைகீழ் இணையாக வைத்தால் ஈர்ப்பு பாதியாகும். ஒரு காந்தத்தை மட்டும் 90 பாகை திருப்பி, அதன் பக்கம் மற்றதன் துருவத்தை நோக்குமாறு வைத்தால், நேர் ஈர்ப்பு இல்லாமலே போகும். 180 பாகை திருப்பினால் ஈர்ப்பு விலக்கு விசையாக மாறும்.

இம்முறைக்கு ஒரு குறைபாடு உண்டு. திருப்பப்பட்ட காந்தத்தின் மீது அதை மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பும் விசை செயல்படுகிறது. எனவே காந்தங்களை அசையாதபடி சட்டத்தில் பொருத்தினால் மட்டுமே இது பயன் தரும். கையில் பிடித்த காந்தம் நொடியில் புரண்டு ஒட்டிக்கொள்ளும்.

3. இரும்பால் புலத்தை வழிமாற்றுதல்

இரும்பின் காந்த உட்புகுதிறன் காற்றைப் போல் பல நூறு முதல் பல ஆயிரம் மடங்கு உள்ளது. அதாவது காந்த விசைக் கோடுகள் காற்றை விட இரும்பின் வழியாகச் செல்வதையே நாடுகின்றன. ஒரு காந்தத்தின் வட துருவத்திலிருந்து தென் துருவத்துக்கு இரும்பால் பாதை அமைத்தால், பெரும்பாலான கோடுகள் அந்தப் பாதையிலேயே சென்று முடிந்துவிடும். வெளியே குறைவான புலமே எஞ்சும். மற்றக் காந்தத்தை இழுக்கும் ஆற்றலும் குறையும். இது காந்த மறைப்பு எனப்படுகிறது.

பள்ளி ஆய்வகங்களில் இரு சட்டக் காந்தங்களை எதிரெதிர்த் துருவங்கள் அருகருகே வருமாறு அடுக்கி, இரு முனைகளிலும் தேனிரும்புத் துண்டுகளை வைப்பது இக்காரணம் பற்றியே. லாடக் காந்தத்தின் முனைகளுக்குக் குறுக்கே இரும்புத் துண்டு வைப்பதும் இவ்வாறே. இதனால் வெளிப்புலம் குறைவதுடன், காந்தத்தன்மையும் நெடுநாள் நிலைக்கிறது.

லேத் பட்டறைகளில் அளவுமானியைத் தாங்கி நிற்கும் காந்தப் பீடம் மற்றோர் எடுத்துக்காட்டு. அதன் குமிழைத் திருப்பும்போது உள்ளிருக்கும் நிலைக்காந்தம் சுழல்கிறது. ஒரு நிலையில் புலம் பீடத்தின் அடிப்பகுதி வழியாக மேசைக்குள் பாய்வதால் பீடம் இறுகப் பிடிக்கிறது. மற்ற நிலையில் புலம் பீடத்தின் இரும்புப் பகுதிகளுக்குள்ளேயே சுற்றி முடிவதால் பீடம் எளிதாகக் கையில் வந்துவிடுகிறது. காந்தத்தின் வலிமை இரு நிலைகளிலும் ஒன்றே; புலம் செல்லும் வழி மட்டுமே மாறுகிறது.

நடுவில் வைக்கும் இரும்புத் தகடு

இரு காந்தங்களுக்கு நடுவே ஓர் இரும்புத் தகட்டை வைத்தால் ஈர்ப்பு நின்றுவிடும் என்று பலர் எண்ணுவதுண்டு. இது பாதியே உண்மை. தகடு போதிய தடிமனும் அகலமும் கொண்டிருந்தால், ஒரு காந்தத்தின் புலம் மற்றதைச் சென்றடைவதில்லை. ஆனால் ஒவ்வொரு காந்தமும் இப்போது தகட்டை நோக்கி இழுக்கப்படுகிறது. ஒரே மாதிரியான இரு காந்தங்கள் நேருக்கு நேர் இருக்க, மிகப் பெரிய தேனிரும்புத் தகட்டைச் சரியாக நடுவில் வைத்தால், ஒவ்வொரு காந்தமும் உணரும் இழுவிசை முன்பிருந்த அளவிலேயே இருக்கும் எனக் கணக்கிட்டுக் காட்டலாம். கண்ணாடியில் பிம்பம் தோன்றுவது போல, தகட்டுக்கு அப்பால் ஒரு காந்தம் இருப்பதற்கு ஈடான விளைவைத் தகடே உண்டாக்கிவிடுகிறது.

ஆகவே நடுத்தகடு காந்தங்களை ஒன்றோடொன்று தொடர்பற்றவை ஆக்குகிறது. அவற்றின் மீதான இழுவிசையை நீக்குவதில்லை. இழுவிசையைக் குறைக்க வேண்டுமெனில், தகட்டை நடுவில் வைப்பதை விட ஒவ்வொரு காந்தத்தையும் சுற்றி இரும்பு உறை அமைத்துத் துருவங்களை இணைப்பதே பொருத்தமானது.

தெவிட்டுநிலையும் சிறப்பு உலோகக் கலவைகளும்

இரும்பால் வரம்பின்றிப் புலத்தை ஏந்த இயலாது. சுமார் 2 டெஸ்லா அளவை எட்டியதும் இரும்பு தெவிட்டுநிலை அடைகிறது. அதன் பிறகு கூடுதல் புலம் வெளியே கசியத் தொடங்கும். வலுவான காந்தத்தை மெல்லிய தகரத்தால் மறைக்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுவே.

நிக்கல் மிகுந்த மியூ-உலோகம் என்னும் கலவையின் உட்புகுதிறன் இரும்பை விட மிக அதிகம். எனினும் அது 1 டெஸ்லாவுக்கும் குறைந்த புலத்திலேயே தெவிட்டிவிடும். எனவே நுண்ணிய கருவிகளை வலுக்குறைந்த புலங்களிலிருந்து காக்க மியூ-உலோகமும், வலுவான காந்தங்களை மறைக்கத் தடித்த இரும்பும் பயன்படுகின்றன.

மீக்கடத்திகள்

மீக்கடத்தியாக மாறிய பொருள் தன்னுள்ளிருந்து காந்தப்புலத்தை வெளியேற்றுகிறது. மைஸ்னரும் ஓக்சென்ஃபெல்டும் 1933 இல் கண்டறிந்த இவ்விளைவு மைஸ்னர் விளைவு எனப்படுகிறது. இரு காந்தங்களுக்கு நடுவே மீக்கடத்தித் தகடு இருந்தால் புலம் மறிக்கப்படும். காந்தங்கள் தகட்டிலிருந்து விலக்கவும் படும். ஆயினும் திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான மறை 196 செல்சியஸ் அளவுக்கோ அதற்கும் கீழாகவோ குளிர்விக்க வேண்டியிருப்பதால், அன்றாடப் பயன்பாட்டுக்கு இது ஏற்றதன்று.

4. எதிர்ப்புலம் அமைத்தல்

காந்தத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள் அமைத்து, அதன் புலம் காந்தத்தின் புலத்துக்கு எதிராக இருக்குமாறு மின்னோட்டம் செலுத்தினால், இரண்டும் ஒன்றையொன்று நீக்கும். மின்னோட்டம் இருக்கும் வரை ஈர்ப்பு குறைந்திருக்கும். மின்னோட்டம் நின்றதும் ஈர்ப்பு மீளும்.

மின்காந்தங்களில் மின்னோட்டத்தைக் குறைத்தாலே போதும். ஆனால் உள்ளகம் இரும்பால் ஆனது என்பதால், மின்னோட்டத்தை நிறுத்திய பின்னும் சிறிதளவு காந்தத்தன்மை தங்கிவிடும். பழைய இரும்புச் சாமான்களைத் தூக்கும் மின்காந்தங்களில், சுமையைக் கீழே விடுவிக்கச் சற்று நேரம் எதிர்த்திசையில் மின்னோட்டம் செலுத்துவது இதனால்தான்.

மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவிகள் பலவற்றில் உள்ள மின்காந்தம் மீக்கடத்திக் கம்பியால் ஆனது. அதில் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருப்பதால், கட்டடத்தின் மின்சாரம் நின்றாலும் காந்தப்புலம் குறைவதில்லை. கருவி நிறுத்தப்பட்டுள்ளது என்று எண்ணி இரும்புப் பொருட்களுடன் அந்த அறைக்குள் நுழைவது ஆபத்தானது.

5. காந்தத்தன்மையைக் குறைத்தல்

வெப்பம்

காந்தப் பொருளினுள் எண்ணற்ற சிறு பகுதிகள் ஒரே திசையில் அணிவகுத்து நிற்பதாலேயே காந்தத்தன்மை தோன்றுகிறது. வெப்பம் இந்த அணிவகுப்பைக் கலைக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் உரிய கியூரி வெப்பநிலையில் அது முற்றிலும் மறைகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் கியூரியின் பெயரால் வழங்கும் இவ்வெப்பநிலை இரும்புக்கு 770 செல்சியஸ், ஃபெரைட் காந்தத்துக்குச் சுமார் 450 செல்சியஸ், நியோடிமியம் காந்தத்துக்குச் சுமார் 310 செல்சியஸ் ஆகும்.

அதற்கு வெகு முன்பே வலிமை குறையத் தொடங்கிவிடும். ஃபெரைட் காந்தத்தின் புலம் ஒவ்வொரு செல்சியஸ் உயர்வுக்கும் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறைகிறது. இரு ஃபெரைட் காந்தங்களை 50 செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால், ஒவ்வொன்றின் புலமும் 10 விழுக்காடு குறையும். அவற்றுக்கு இடையேயான ஈர்ப்போ சுமார் 19 விழுக்காடு குறையும். குளிர்ந்ததும் இந்த இழப்பு மீண்டுவிடும். ஆனால் சாதாரண வகை நியோடிமியம் காந்தத்தை அதன் வரம்பான 80 செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால், குளிர்ந்த பிறகும் மீளாத இழப்பு ஏற்படலாம்.

தட்டுதலும் அதிர்வும்

காந்தத்தைச் சுத்தியலால் தட்டினால் அல்லது உயரத்திலிருந்து பலமுறை போட்டால் வலுவிழக்கும் என்று பாடநூல்கள் கூறுகின்றன. பழைய எஃகுக் காந்தங்களுக்கு இது பொருந்தும். ஃபெரைட், நியோடிமியம் காந்தங்களின் காந்தத்தன்மை அதிர்ச்சியால் எளிதில் குறைவதில்லை. அவை பீங்கான் போல நொறுங்கும்; கூரிய சில்லுகள் கண்ணில் தெறிக்கக்கூடும். இவற்றைத் தட்டுவதும் துளையிடுவதும் கூடாது. நியோடிமியம் காந்தத்தின் தூள் எளிதில் தீப்பற்றவும் கூடியது.

மாறுதிசைப் புலம்

மாறுதிசை மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளினுள் காந்தத்தை வைத்து, மெல்ல வெளியே இழுத்தால், அதன் உட்பகுதிகள் முன்னும் பின்னுமாகத் திருப்பப்பட்டு இறுதியில் ஒழுங்கற்று நின்றுவிடும். எஃகுக் கருவிகளில் ஏறிய காந்தத்தன்மையை நீக்க இம்முறை பயன்படுகிறது. நியோடிமியம் காந்தத்தை இவ்வாறு நீக்க மிக வலுவான புலம் தேவை.

ஒட்டிக்கொண்ட காந்தங்களைப் பிரித்தல்

இரு வலுவான காந்தங்களை நேராக இழுத்துப் பிரிப்பது கடினம். விசை முதல் சில மில்லிமீட்டர்களில்தான் மிக அதிகம். பக்கவாட்டில் நகர்த்தினால் எளிதாக வரும். உராய்வைத் தவிர்த்துப் பார்த்தால், இரு வழிகளிலும் செய்ய வேண்டிய மொத்த வேலை ஒன்றே. ஆனால் பக்கவாட்டில் நகர்த்தும்போது அந்த வேலை காந்தத்தின் முழு அகலத்துக்கும் பரவிவிடுவதால், எந்தக் கணத்திலும் தேவைப்படும் விசை குறைகிறது.

மர மேசையின் விளிம்பில் ஒரு காந்தத்தை மேசைமேலும் மற்றதை விளிம்புக்கு வெளியேயும் இருக்குமாறு வைத்து, வெளியே உள்ளதைக் கீழ்நோக்கித் தள்ள வேண்டும். பிரிந்ததும் இடையே தடித்த மரத்துண்டைச் செருகி, ஒன்றை உடனே தொலைவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். பிரித்த காந்தங்கள் மீண்டும் பாய்ந்து ஒட்டும்போதே விரல்கள் நசுங்கும் விபத்துகள் பெரும்பாலும் நேர்கின்றன. கையுறையும் கண்ணாடியும் அணிவது நல்லது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இவ்வேலையில் ஈடுபடக் கூடாது.

விமானத்தில் அனுப்பும் காந்தங்கள்

விமானத்தின் திசைகாட்டி பாதிக்கப்படக்கூடும் என்பதால், பொதியிலிருந்து 4.6 மீட்டர் தொலைவில் 0.00525 காஸுக்கு மேல் புலம் இருந்தால் அப்பொதியை விமானத்தில் ஏற்ற விதிகள் அனுமதிப்பதில்லை. இது புவியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. இந்த வரம்புக்குள் வரப் பொதிகட்டுவோர் முதல் மூன்று முறைகளையும் சேர்த்தே கையாளுகின்றனர். புலங்கள் ஒன்றையொன்று நீக்குமாறு காந்தங்களை மாற்றி மாற்றி அடுக்குகின்றனர்; இடையில் தடுப்புகள் வைக்கின்றனர்; பெட்டியின் உட்புறத்தில் எஃகுத் தகடு பொருத்துகின்றனர்.

விழுங்கப்பட்ட காந்தங்கள்

மேற்கூறிய எந்த முறையையும் கையாள முடியாத ஓரிடம் மனித உடல். குழந்தை ஒரே ஒரு சிறு காந்தத்தை விழுங்கினால் அது இயல்பாக வெளியேற வாய்ப்புண்டு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காந்தங்களையோ, ஒரு காந்தத்துடன் இரும்புத் துண்டையோ விழுங்கினால் நிலைமை வேறு. குடலின் வெவ்வேறு மடிப்புகளில் உள்ள காந்தங்கள் குடற்சுவரின் ஊடாகவே ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. இடையில் சிக்கிய சுவருக்கு இரத்த ஓட்டம் நின்று, துளையும் அடைப்பும் ஏற்படுகின்றன. சுவர் மெல்லியது என்பதால் தொலைவு தரும் பாதுகாப்பு அங்கே இல்லை.

தொடக்கத்தில் வயிற்றுவலியோ வாந்தியோ இல்லாமலும் இருக்கலாம். அறிகுறி தெரியட்டும் எனக் காத்திருப்பதும், வெளியிலிருந்து மற்றொரு காந்தத்தால் இழுக்க முயல்வதும் தவறு. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒட்டிய இரு காந்தங்கள் எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம் என்பதால், எத்தனை காந்தங்கள் காணாமல் போயின என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்த ஆபத்தைத் தயாரிப்பு நிலையிலேயே தடுப்பது ஒன்றே வழி. அமெரிக்காவில் 2022 இல் நடைமுறைக்கு வந்த விதி, பொழுதுபோக்குக்கான காந்தப் பொருட்களில் விழுங்கக்கூடிய அளவுள்ள தனிக் காந்தங்களின் காந்தப் பாயக் குறியீடு 50க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. கிலோகாஸில் அளந்த புலத்தின் இருமடியைச் சதுர மில்லிமீட்டரில் அளந்த பரப்பால் பெருக்கி இக்குறியீடு பெறப்படுகிறது. ஒட்டிய காந்தங்களின் விசை புலத்தின் இருமடியையும் பரப்பையும் சார்ந்தது என்று மேலே கண்ட விதியே இதற்கு அடிப்படை.

தவறான நம்பிக்கைகள்

பூண்டு தேய்த்தால் காந்தம் வலுவிழக்கும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் பழங்காலம் முதல் நிலவியது. ஆங்கிலேய மருத்துவரான வில்லியம் கில்பர்ட், 1600 இல் வெளியான காந்தம் பற்றிய தம் நூலில் இதை மறுத்தார். நீரில் மூழ்கடித்தால் ஈர்ப்பு நின்றுவிடும் என்பதும் உண்மையன்று. நீரின் உட்புகுதிறன் ஏறத்தாழ வெற்றிடத்தின் அளவே.

செய்து பார்க்க

நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலைச் சமையலறை மின்னணுத் தராசில் வைத்து, மூடியின் மேல் ஒரு சிறிய ஃபெரைட் காந்தத்தை ஒட்டவும். தராசைச் சுழியமாக்கவும். மரத்தாலான அளவுகோலில் ஒட்டிய மற்றொரு காந்தத்தை, எதிர்த் துருவம் நோக்குமாறு மேலே பிடிக்கவும். தராசு காட்டும் மறை எண் ஈர்ப்பின் அளவாகும்.

- காந்தங்களின் மையங்களுக்கு இடையேயுள்ள தொலைவை இரு மடங்காக்கினால், எண் பதினாறில் ஒரு பங்கை நெருங்குவதைக் காணலாம்.
- அலுமினியத் தாளை இடையில் நீட்டினால் எண் மாறாது.
- மேல் காந்தத்தைப் பக்கவாட்டில் 90 பாகை திருப்பினால் எண் சுழியத்தை நெருங்கும்.
- இரும்புத் தோசைக்கல்லை நடுவில் அசையாமல் பிடித்தால், மறை எண் மறைவதில்லை. இப்போது மேல் காந்தத்தை முழுவதுமாக அகற்றினாலும் எண்ணில் பெரிய மாற்றம் இராது. கீழ்க் காந்தத்தை இழுப்பது இப்போது தோசைக்கல்லே என்பதை இது காட்டுகிறது.